வாளியில் வடிந்த காடு

சென்னையில் ஏசி வைத்த வீடுகளின் பால்கனியில் பெரும்பாலும் ஒரு வாளி இருக்கும். ஏசியிலிருந்து வரும் மெல்லிய குழாய் இரவெல்லாம் அதில் சொட்டிக்கொண்டிருக்கும். விடிந்ததும் அந்தத் தண்ணீரை எடுத்து வீடு துடைப்பார்கள், செடிக்கு ஊற்றுவார்கள். படுக்கையறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவிதான் குளிர்ந்த குழாய்களில் பட்டு, துளியாகி, வாளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இழப்பு நமக்கும் கொஞ்சம் தெரியும். எழுந்ததும் தொண்டை வறண்டிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். அதே அறையின் மூலையில் மழைக்காட்டு விலங்கு ஒன்று இருந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதை ஒரு மே மாத இரவில்தான் நேரில் பார்த்தேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிப் பையன் கல்லூரியில் படிக்கிறவன். பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டினான். "அங்கிள், ஒரு நிமிஷம் மேல வர முடியுமா? இகுவானாவோட விரல் கறுத்துப் போச்சு. நேத்து வரைக்கும் அழுக்குன்னுதான் நெனச்சேன்" என்றான்.

அவன் அறையில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. மேலே வலை மூடி, அதன்மேல் நூறு வாட் பல்பு. உள்ளே, தொட்டியைவிட நீளமான ஒரு பச்சை இகுவானா வாலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. இகுவானாவின் பின்னங்காலில் நான்காவது விரல்தான் மிக நீளமானது. கிளையை வளைத்துப் பிடிக்க உதவுவது. அந்த விரலின் நடுக்கணுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. செல்போன் டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு மூன்று முறை உரியாமல் தங்கிப்போன தோல், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் விரலைச் சுற்றியிருந்தது. வளையத்துக்கு இந்தப் பக்கம் பச்சை. அந்தப் பக்கம் கரிக்கட்டை.

மறுநாள் கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதை இருபது நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சால் ஊறவைத்து, வளையத்தைத் துளித்துளியாகக் கழற்றினார். மற்ற விரல்களில் தொடங்கியிருந்த வளையங்களும் வந்துவிட்டன. அந்த ஒரு விரலின் முன்பாதியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. "இது நோய் இல்லப்பா. இதோட வீடுதான் சரியில்ல" என்றார் மருத்துவர்.

பையன் அலட்சியக்காரன் இல்லை. பச்சை இகுவானாவுக்கு 65 முதல் 80 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும் என்று வளர்ப்புக் குறிப்புகள் சொல்வது அவனுக்குத் தெரியும். "சென்னைல எப்பவும் எழுபதுக்கு மேலதானே இருக்கு அங்கிள், போன்ல பாத்துட்டேதான் இருந்தேன்" என்றான். அவன் பார்த்தது ஊரின் ஈரப்பதம். விலங்கு மூச்சுவிட்டதோ ஏசி அறைக்குள், அதற்குள் ஒரு தொட்டிக்குள், அதற்குள்ளும் ஒரு பல்பின் கீழே. இந்த மூன்று படிகளில் காற்று என்னவாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விரல் ஏன் கறுத்தது என்பது புரியும்.

ஈரப்பதம் என்று வானிலை அறிக்கையில் வரும் சதவீதம், காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அந்த அதிகபட்சம் வெப்பத்தோடு வேகமாக ஏறும். 24 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கலாம். 30 டிகிரியில் 30 கிராம். 36 டிகிரியில் 42 கிராம். இப்போது சென்னையின் ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்வோம்: 30 டிகிரி, 75 சதவீதம். கன மீட்டருக்கு 23 கிராம் நீர். இந்தக் காற்றை அப்படியே ஒரு பல்பின் கீழ் 36 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே 23 கிராம்தான், ஆனால் இப்போது அதிகபட்சம் 42. ஈரப்பதம் 55 சதவீதமாக இறங்கும். மோசமில்லை. ஆனால் அந்தக் காற்று முதலில் ஏசிக்குள் போய் வந்தால் கதை மாறிவிடும். அன்றிரவு அவன் அறையில் என் ஈரப்பதமானியை வைத்தேன்: 24 டிகிரி, 50 சதவீதம். அதாவது 11 கிராம்தான் மிச்சம், மீதி வாளியில். அந்த 11 கிராமை 36 டிகிரிக்குச் சூடாக்கும்போது ஈரப்பதம் 26 சதவீதம்! நூறு மீட்டர் தள்ளித் தெருவில் ஜனங்கள் புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொண்டிருக்க, கண்ணாடிக்குள் ஒரு சிறிய பாலைவனம் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

குளிர் நாடுகளில் இதே விபத்து பனிக்காலத்தில் நடக்கிறது. வெளியே 0 டிகிரியில் நீராவி நிறைந்து நிற்கும் காற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து 25 டிகிரிக்குச் சூடாக்கினால் 21 சதவீதம்தான். 1990-களில் மத்திய, தென் அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து லட்சக்கணக்கான இகுவானாக் குஞ்சுகள் அமெரிக்க வீடுகளுக்குப் போயின. கையளவு பச்சைக் குஞ்சு, விலையும் மலிவு. மழைக்காட்டின் காற்று அதோடு வருவதில்லை என்பதை விற்றவர்களும் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை முழு வளர்ச்சி காணவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த உடல் எந்தக் காற்றுக்குப் பழகியது என்று தெரிந்துகொள்ளப் பனாமாவுக்குப் போக வேண்டும். பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றில் அணை கட்டியபோது காட்டுன் ஏரி உருவாயிற்று. மூழ்காமல் தப்பிய ஒரு குன்று பாரோ கொலராடோ என்ற தீவாயிற்று. 1923 முதல் அது ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய காடு. ஆண்டுக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட பருவம், மற்ற மாதங்களில் மழை. தீவுக்குச் சற்றுத் தள்ளி ஸ்லோத்தியா என்றொரு குட்டித் திட்டு. 1960-களில் ஸ்டான்லி ராண்ட் என்ற விலங்கியலாளர் அங்கே இகுவானாக்கள் கூட்டமாக வந்து முட்டையிடுவதைக் கவனித்து எழுதினார். வறண்ட பருவத்தில் தாய்கள் நீந்தி வந்து, வெயில் விழும் வெட்டவெளியில் வளை தோண்டி, மண்ணுக்குள் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். ஓடு கோழிமுட்டை போலக் கெட்டியானதில்லை, தோல்போல் நெகிழ்வானது. அந்த ஓட்டின் வழியே மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் முட்டை வளர்கிறது. ஆக, இகுவானா உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஈரத்தோடு அதற்கு உறவு தொடங்கிவிடுகிறது.

முதல் மழை வரும் நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கார்டன் பர்கார்டும் ஹாரி கிரீனும் ராண்டும் 1977-இல் இதை விவரித்திருக்கிறார்கள். குஞ்சுகள் வளைவாயில் தலையை மட்டும் நீட்டி நெடுநேரம் சுற்றுமுற்றும் பார்க்கும். ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் கூடும். பிறகு கூட்டமாகக் கிளம்பும். சிறியவை தாழ்ந்த புதர்களில் வாழும். வளர வளர மேலே ஏறி, ஆற்றின்மேல் கவிந்த பெருமரங்களின் உச்சிக்குப் போய்விடும். ஆபத்து வந்தால் அங்கிருந்து தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பும்.

மர உச்சியில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விடியலில் காற்று நீராவியால் நிறைந்திருக்கும், இலைகளெல்லாம் நனைந்திருக்கும். வெயில் ஏறியதும் உச்சிக்கிளை காயும். இகுவானா அங்கே வந்து உடலைப் பரத்திக் காயும். நண்பகலில் அதன் முதுகைத் தொடும் காற்று அப்படியொன்றும் ஈரமானதில்லை. உடல் வேண்டிய அளவு சூடானதும் இரண்டடி நகர்ந்தால் இலைக்கூட்டத்தின் நிழல். இலைகள் விடும் நீராவியால் அங்கே எப்போதும் ஈரம். மாலையில் ஒரு மழை. எண்பது சதவீதம் என்று ஒரு எண் எங்கேயும் நிலையாக நிற்பதில்லை. காடு தருவது ஏற்ற இறக்கங்கள் உள்ள ஒரு நாளை, அதில் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் வாய்ப்பை. வளர்ப்புக் கூண்டுக்குள் நாம் கொண்டுவர வேண்டியது இந்த நாளைத்தான் என்பது என் உறுதியான கருத்து. ஈரப்பதமானியின் எண், அது வந்ததா என்று சரிபார்க்க உதவும் கருவி மட்டுமே.

இனி தோலுக்கு வருவோம். பாம்பு சட்டையை ஒரே உறையாகக் கழற்றுவதைப் பார்த்திருப்போம். இகுவானாவுக்குத் தோல் துண்டு துண்டாக உரியும். இன்று தலை, இன்னும் சில நாளில் முதுகு, பிறகு கால்கள். உரிவதற்கு முன் பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுதாக உருவாகிவிடும். இரண்டுக்கும் இடையில் மெல்லிய திரவம் பரவி, ஒட்டியிருக்கும் பிடியைத் தளர்த்தும். அப்போது பழைய தோல் வெளுத்து, உள்ளே காற்றுப் புகுந்ததுபோல் எழும்பி நிற்கும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருந்தால் அது மெத்தென்று நெகிழ்ந்து, கிளையில் உரசும்போது கழன்றுவிடும். காற்று வறண்டிருந்தால் கழல்வதற்கு முன்பே காய்ந்து சுருங்கும். முதுகிலும் வயிற்றிலும் இதனால் பெரிய கேடு வராது. பரந்த இடம், என்றைக்காவது உதிரும். விரலும் வால்நுனியும் முதுகின் முள்வரிசையும் உருண்டையானவை. அங்கே சுருங்கும் தோல் வளையமாகிவிடும். அடுத்த முறை உரியும்போது அதன்மேல் இன்னொரு வளையம். உள்ளே விரல் வளர்கிறது, வெளியே வளையம் இறுகுகிறது. இரத்த ஓட்டம் முதலில் மெலிந்து பிறகு நிற்கிறது. இவ்வளவும் வலியின் சத்தமில்லாமல் நடக்கும், இகுவானா கத்தாது. ஆகவே வளர்ப்பவர் மாதம் ஒருமுறையாவது விரல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கறுத்தது விரல் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே நடக்கும் சேதம் அதைவிட மோசமானது. ஊர்வனவின் செதில் தோல் நீர்புகாதது என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள். பென்ட்லியும் க்னுட் ஷ்மிட்-நீல்சனும் 1966-இல் அளந்து பார்த்தபோது, இகுவானா உட்பட அவர்கள் சோதித்த ஊர்வனவற்றில் ஆவியாகிப் போகும் நீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தோல் வழியாகவே போவது தெரிந்தது. வறண்ட காற்றில் வைத்த இகுவானா ஒவ்வொரு மணி நேரமும் தன்னை அறியாமல் உலர்ந்துகொண்டிருக்கிறது. அதன் உடல் கழிவை யூரிக் அமிலமாக, வெள்ளைக் களிம்பாக வெளியேற்றுகிறது. நீர் குறையக் குறைய அது சிறுநீரகத்திலேயே படியத் தொடங்கும். வளர்ப்பு இகுவானாக்களின் உயிரைக் குடிக்கும் நோய்களில் சிறுநீரகச் செயலிழப்பு முக்கியமானது. கண் குழிவது, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்பது, வெள்ளைக் களிம்பு மஞ்சளாகிப் பிசுபிசுப்பது ஆகியவையெல்லாம் காலம் தாழ்ந்து வரும் அறிகுறிகள்.

ஒன்றை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இகுவானா அடிக்கடி தும்மும். கண்ணாடியில் வெள்ளைப் பொடி தெறித்திருக்கும். பையன் அதைச் சளி என்று நினைத்து மருந்து கேட்டிருக்கிறான். அது உப்பு. இலை தின்னும் உடலில் சேரும் மிகையான பொட்டாசியத்தையும் சோடியத்தையும், சிறுநீரில் தண்ணீரை வீணாக்காமல், மூக்கிலுள்ள சுரப்பிகள் பிரித்துத் தள்ளுகின்றன. கடற்பறவைகளில் இத்தகைய உப்புச் சுரப்பியைக் கண்டறிந்த ஷ்மிட்-நீல்சன்தான் இகுவானாவின் மூக்கையும் ஆராய்ந்தவர். தண்ணீரை மிச்சப்படுத்த இவ்வளவு ஏற்பாடு செய்துகொண்ட உடலைத்தான் நாம் பல்புக்கடியில் காயப்போடுகிறோம்.

பையனின் தொட்டியிலும் ஒரு ஈரப்பதமானி ஒட்டியிருந்தது. கடிகாரம் போல முள் வைத்தது. எப்போது பார்த்தாலும் அறுபதுக்கு மேல் காட்டுமாம். கருவியை நம்புவதற்கு முன் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு, அடுப்படியில் இருப்பதை வைத்தே. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, நனைந்த மணல்போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். ஈர உப்புக்கு மேலுள்ள மூடிய காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறை வெப்பம் சற்று முன்பின் இருந்தாலும் அந்த எண் அசைவதில்லை. இதற்குக் கல்லுப்பு ஆகாது. அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு மிகக் குறைந்த ஈரத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் உப்பு ஜாடி கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். பையனின் கருவி காலையில் 88 காட்டியது. தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் மானிகள் இரண்டு வாங்கினோம், மேலே ஒன்று, கீழே ஒன்று. 1783-இல் ஜெனிவாவின் டி சோசூர் மனிதத் தலைமுடியை வைத்து ஈரப்பதமானி செய்தார். முடி வறண்ட காற்றிலிருந்து ஈரக் காற்றுக்குப் போனால் நூற்றுக்கு இரண்டு பங்குபோல் நீளும், அந்த நீட்சி முள்ளை நகர்த்தும். ஈரத்தை உடலால் அளக்கும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு வீடு. முழுதாக வளர்ந்த பச்சை இகுவானா வாலோடு ஐந்து, ஆறடி நீளம் போகும். நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். ஆறடி உயரம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம் என்பது குறைந்தபட்சம். உயரத்தில் சமரசம் செய்யக் கூடாது. மரவாசிக்கு உயரம்தான் பாதுகாப்பு. நம் கண்மட்டத்துக்குக் கீழே வைத்தால் குனியும் ஒவ்வொரு முகமும் அதற்குப் பருந்தாகத் தோன்றும். ஏசி இல்லாத ஹாலில், சன்னல் பக்கச் சுவர் ஒன்றைப் பையனின் அம்மா விட்டுக்கொடுத்தார். அளவு எடுக்க வந்த கார்பென்டர் அண்ணன், "ஒரு ஓணானுக்கா இவ்ளோ பெரிய பீரோ?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது நாள் அவரே கொய்யாக் கிளைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து, இது வழுக்காது, நகம் பிடிக்கும் என்று பூட்டிக் கொடுத்தார்.

சாதாரண பிளைவுட் ஈரத்தில் ஊதிவிடும் என்பதால் மாடுலர் கிச்சனுக்குப் போடும் பிவிசி பலகையில் மூன்று பக்கமும் அடைத்தோம். முன்பக்கம் கதவு. முழுக்க வலையடித்த கூண்டில் ஈரம் தங்காது. முழுக்க அடைத்ததில் காற்று தங்கிப்போகும். ஆகவே கீழே ஒரு கை அகலத்துக்கு வலைப்பட்டி, மேலே எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. பல்பு சூடாக்கும் காற்று மேல்வழியே வெளியேற, கீழ்வழியே புதுக்காற்று தானாக உள்ளே வரும். உடல் அகலத்துக்குக் குறையாத பருமனில் கிளைகள். நாலரை அடி உயரத்தில் ஒரு பலகை. அதற்கு மேலே, நாக்கோ வாலோ எட்டாதபடி கம்பிக்கூடு போட்ட வெப்பவிளக்கு. பலகைமேல் 35 முதல் 38 டிகிரி, அடியில் 27, இரவில் 24. சூடேறும் செயற்கைப் பாறை என்று கடைகளில் விற்பதை வாங்கவே கூடாது. சூரியன் மேலிருந்துதான் வரும் என்று பழகிய உடல் அது. வயிற்றுக்கடியில் வெந்துகொண்டிருந்தாலும் எழுந்து போகத் தோன்றாமல் புண்ணாகிப் படுத்திருக்கும்.

கீழே குழந்தையைக் குளிப்பாட்டும் டப் ஒன்றில் தண்ணீர். இகுவானா அதில் இறங்கி ஊறும். பெரும்பாலும் அங்கேயே மலம் கழிக்கும், அதனால் தினமும் மாற்றியே ஆக வேண்டும். அந்த டப்பைச் சமையலறையில் கழுவக் கூடாது. ஊர்வனவின் குடலில் சால்மோனெல்லா கிருமி குடியிருக்கும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் சின்னக் குழந்தைகளை எட்ட வைப்பதும் கட்டாயம். உள்ளே இரண்டு தொட்டிகளில் செம்பருத்தி. இலையும் பூவும் உணவு. இலைகள் விடும் நீராவி ஈரம். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கும் ஸ்பிரேயரால் இலைகளை நனைப்பது பையன் வேலை. இகுவானா கிண்ணத்தில் குடிப்பதைவிட இலைநுனியில் தொங்கும் துளியை நக்குவதையே விரும்புகிறது.

முதல் வாரம் அவன் பயத்தில் வேறொரு பக்கம் போய்விட்டான். மேல் வலையைப் பாலிதீன் போட்டு மூடி, ஹியுமிடிஃபையரை இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டான். மானி 96 காட்டியது, அவனுக்குப் பெருமை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்ததும் பூசண வாடை அடித்தது, கொய்யாக் கிளையில் வெள்ளை பூத்திருந்தது. காற்றோடாத ஈரம் காட்டில் கிடையாது. அதில் தோலில் கொப்புளம் வரும், நுரையீரலில் தொற்று வரும். இகுவானாவுக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. சளியை இருமி வெளியேற்றும் திறன் அதற்கு இல்லை. உள்ளே சேர்ந்தது உள்ளேயே நிற்கும். பாலிதீனைக் கிழித்தோம். இப்போது விடியலில் 85, நண்பகலில் விளக்கின் கீழ் 50, அப்போதே கீழ்நிழலில் 70, மாலை நனைத்ததும் மறுபடி 80-க்கு மேல். வறண்டு மீள்வதும் ஈரத்தின் பகுதிதான் என்று அவனுக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது.

வெப்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் கடுங்குளிர் வந்தபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்று மயாமி வானிலை அலுவலகம் மக்களை எச்சரித்தது. வீடுகளிலிருந்து தப்பியும் விடப்பட்டும் அங்கே பெருகியவற்றின் சந்ததி அவை. குளிரில் விறைத்துப் பிடிவிட்டு விழுகின்றன. உள்வெப்பம் இல்லாத உடலுக்கு வெளிவெப்பம்தான் அடுப்பு. பின்குடலில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துத்தான் அது வயிறு வளர்க்கிறது. சூடு குறைந்தால் அந்த அடுப்பும் அணையும். பிறந்த குஞ்சுகள் பெரியவற்றின் சாணத்தைத் தின்று இந்த நுண்ணுயிர்களைப் பெறுகின்றன என்று கேத்தரின் ட்ராயர் 1982-இல் கண்டறிந்தார். புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி உருவாகும் வேலையிலும் முதல் படிக்கு ஒளி, அடுத்த படிக்கு வெப்பம் என்று இரண்டும் வேண்டும். அது கிடைக்காத இகுவானாவின் தாடை எலும்பு ரப்பர்போல் வளையும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்றே உள்ள குழல்விளக்கு வேண்டும்; சென்னையில் அதைவிட நல்லது காலை வெயில். பாதி நிழல் போட்ட வலைக்கூண்டில் பால்கனியில் வைக்கலாம். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் வெந்து செத்துவிடும்.

உணவு தனி அத்தியாயத்துக்கு உரியது. இலைதான் உணவு, இறைச்சியும் முட்டையும் அறவே கூடாது, முருங்கைக்கீரையும் மல்பெரி இலையும் நன்று, பசலைக்கீரை தினமும் வேண்டாம் என்பதோடு நிறுத்துகிறேன்.

சட்டம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இகுவானா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள விலங்கு. 2022-இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணைக்குள் வருகிறது. வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அது எந்த விமானப் பெட்டிக்குள் மூச்சுத் திணறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று: நம் ஊர் உடும்பு வேறு, இது வேறு. உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது; அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

ஆகஸ்டு கடைசியில் பையன் மறுபடி கதவைத் தட்டினான். கையில் ஒரு தீப்பெட்டி. "திறந்து பாருங்க அங்கிள்." உள்ளே பஞ்சின்மேல் காகிதம்போல் வெளுத்த தோல், பின்னங்காலுடையது, கையுறை கழற்றியதுபோல் முழுசாக வந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். செதில்களின் கட்டம் ஒவ்வொன்றும் தெரிந்தது, நகம் இருந்த இடத்தில் நுனி கூராக இருந்தது. நான்கு விரல்கள் முழு நீளம். நீளமாக இருந்திருக்க வேண்டிய விரல் பாதியில் உருண்டு முடிந்திருந்தது, அதுவும் ஒரு கிழிசல் இல்லாமல்.